இல்

தமிழ் எடுத்தால் எண்பது தாண்டாது,
பிரெஞ்சு எடுத்தால் தொண்ணூறுக்குக் குறையாது என்று
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில்
யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.
பதினொன்றாம் வகுப்பில் அப்படித்தான் சேர்ந்தேன்.

ஆறு பேர்.
கெமிஸ்ட்ரி லேபுக்குப் பக்கத்தில்
உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் அறை.
ஜன்னலைச் சாத்தினால் இருட்டு.
திறந்தால் மேகம் உள்ளே வந்து
கடைசி பெஞ்சில் உட்காரும்.
ஜெசிந்தா மிஸ் எங்களைவிட
இரண்டு பாடம்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.
அதை அவரே சொன்னார், முதல் நாளே,
இருமிக்கொண்டே.
இருமலா, பிரெஞ்சு ‘ர’வா என்று
தீபாவளி வரைக்கும் எங்களுக்குப் பிடிபடவில்லை.

மேசை பெண். நாற்காலி பெண்.
கதவு பெண், ஜன்னலும் பெண்.
சுவர் ஆண், கூரை ஆண்.
போஜன் மகள் சுமித்ரா எழுந்து கேட்டாள்:
தேயிலைக்குள் நிற்கிற காட்டெருமை, மிஸ்?
கையடக்க அகராதிக்குள்
அவ்வளவு பெரிய உடம்பு நுழைந்திருக்கவில்லை.

கடைசி எழுத்தை எழுதுவார்கள்,
சொல்லமாட்டார்கள்.
அது கஷ்டமாகவே இல்லை.
எல்லோருக்கும் தெரிந்து
யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று
எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு உண்டு.

நீ, நீங்கள் இரண்டும் அங்கேயும் இருந்தன.
அதில் மட்டும் ஆறு பேரும் நூற்றுக்கு நூறு.

தொண்ணூற்றிரண்டைத்தான் நம்ப முடியவில்லை.
நாலு இருபது, பிறகு பன்னிரண்டு.
அப்படித்தான் எண்ணுகிறதாம் ஒரு நாடு.
சாயங்காலம் எடை போடும் ஷெட்டில்
அம்மா கணக்குச் சொன்னாள்:
இருபது இருபதாய் நாலு சாக்கு,
மேலே ஒரு பன்னிரண்டு.
ஈரத்துக்கென்று மூன்று கிலோ கழித்தான்
சிட்டை எழுதுகிறவன்.
எண்பத்தொன்பதைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தபடி
அவள் பின்னால் மேடு ஏறினேன்.

ஐப்பசியில் குஞ்சப்பனை பக்கம் மண் சரிந்தது.
மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற மிஸ்
நாலு நாள் வரவில்லை.
பாடத்தை நாங்களே பிரித்தோம்.
‘இல் ப்ளே.’ மழை பெய்கிறது.
ஊ-வுக்குக் குவித்த உதட்டோடு
உள்ளே ஏ சொல்லவேண்டும்.
கரண்ட் இல்லாத அறையில்
ஏற்றாத மெழுகுவர்த்தியை அணைக்கிறவர்கள் மாதிரி
சொன்னோம், சிரித்தோம், மறுபடி சொன்னோம்.

‘இல்’ என்றால் அவன்.
மழை அங்கே பெண்பால்.
பெய்கிறது மட்டும் ஓர் அவன்.
யார் அவன்?

ரோடு திறந்ததும் மிஸ்ஸிடம் கேட்டேன்.
யாருமில்லை, என்றார்.
வாக்கியத்துக்கு முன்னால் ஓர் ஆள் வேண்டும்,
அதற்காக நிற்கிறான்.
பரீட்சைக்கு வராது, விடு.

பத்தாம் வகுப்போடு நான் மூடிவைத்த தமிழ்
அந்த நிமிஷம் பார்த்துத்தானா திறக்கவேண்டும்:
இல் என்றால் வீடு.
இல் என்றால், இல்லாததும்.

எங்களுக்கும் ஒருவர் உண்டு.
ரேஷன் கார்டில் முதல் வரி.
என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
திருப்பூருக்குப் போய் ஆறு வருஷம்.
அவருதான் படிக்க வைக்கச் சொன்னாரு, என்பாள் அம்மா
ஸ்கூல் ஆபீஸில்.
அவரு வந்ததும் தந்துடுவாரு, என்பாள்
மளிகைக் கடையில்.
கூரைத் தகரத்தை மாற்றாமல் வைத்திருப்பதுகூட
அவரு வரட்டும் என்றுதான்.
நான் திருத்துவதில்லை.

அன்று ராத்திரி கம்பளிக்குள் முனகிக்கொண்டிருந்தேன்.
என்னடி அது, மந்திரம் மாதிரி?
மழை பெய்யுதுன்னு அர்த்தம்மா.
அதை நீ சொல்லித்தான் தெரியணுமா,
எந்திரி,
குண்டாவை நகத்தி வை,
இப்ப அந்தப் பக்கமா ஒழுகுது.